பானெட்டில் விழுந்த அடி

— அவன் அறைஞ்சது பானெட்ட இல்ல பாப்பா. என் கன்னத்துல அறைஞ்சான். நான் அப்படித்தான் எடுத்துக்கறேன்.

— சரிப்பா.

— என்ன சரி? காலையில இருந்து எதச் சொன்னாலும் சரி, சரி. வண்டி வாங்கி இன்னும் பூஜை போட்ட வாசனைகூடப் போகல. கேட்டத் தாண்டல. அதுக்குள்ள எதிர்வீட்டு சைக்கிள் கடைக்காரன் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஓடி வந்து பொளேர்னு ஒண்ணு வைக்கறான். மோதிரக் கை வேற. பெயிண்ட்ல கோடு விழுந்துருச்சு, பாத்தியா?

— பாத்தேன்.

— நீ எங்க பாத்த? நீ உள்ள உக்காந்திருந்த. பக்கத்துல இருந்தது நான். நம்பர் பிளேட்டத் துடைச்சிட்டிருந்தவன் பதறி எந்திரிச்சதுல முன்னால இருக்கற கம்பி என் தோள்லயே இடிச்சிருச்சு. இன்னும் விண்ணு விண்ணுங்குது. அதையும் அவன் கணக்குலதான் சேக்கணும்.

— ரொம்ப வலிக்குதா? கையத் தூக்கிக் காட்டுங்க.

— ஊரெல்லாம் வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கறது பத்தாதா, எங்கிட்டயும் ஆரம்பிக்காத. ஒண்ணுமில்ல. லாரிக்காரன் நகந்துட்டான் பாரு, நீயும் நகத்து.

— நகத்தறேன். நீங்க உள்ளதான இருக்கீங்க?

— இது என்ன கேள்வி? உன் பக்கத்து சீட்ல மலையாட்டம் உக்காந்திருக்கேன்.

— சும்மா கேட்டேன்பா.

— நகத்துன்னா இவ்வளவுதானா? முன்னால இருக்கறவனுக்கும் நமக்கும் நடுவுல ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம். இவ்வளவு இடம் விட்டா எவனாவது மூக்க நுழைப்பான்.

— நுழைக்கட்டும். எடைமேடை எங்கயும் ஓடிப் போகாது.

— எடைமேடை! வண்டிய எடை போட்டு அதுக்குத் தக்கன காசாம். இத்தன வருஷம் பழைய இரும்பு வாங்கி வித்தவன் நான். இரும்ப எடை போட்டு நான்தான் அடுத்தவனுக்குக் காசு குடுப்பேன். இரும்பும் என்னுது, காசும் நானே குடுக்கணும்னு இப்பத்தான் கேள்விப்படறேன்.

— இரும்பு உங்களுதுதான்பா. ரோடு எல்லாருக்கும்ல. கனமான வண்டி இடிச்சா அடி பலமா விழுது. அதனால கனத்துக்குத் தக்கன பதிவுக் கட்டணம். அந்தக் காசுல நடைபாதை போடுவாங்க, கடக்கற இடத்துல மேடு போடுவாங்க.

— போடுவாங்க, போடுவாங்க. வாயில போடுவாங்க. யார் காதுல பூ சுத்தற?

— ஆஸ்பத்திரி ரோட்டுல போட்டிருக்காங்களே. நான் தினமும் அது வழியாத்தான் போறேன்.

— அது தேர்தலுக்குப் போட்டது. கழுதைக்கு முன்னால கேரட் கட்டற மாதிரி ஒரு தெருவுல போட்டுக் காட்டுவான், ஊரே பின்னால ஓடும். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். காசு இருக்கறவன் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். இடி வாங்கறவனுக்கு அதுல என்ன வலி குறையும்? பில் கட்டின வண்டிதான் இடிச்சிதுன்னு எலும்பு சீக்கிரம் சேருமா?

— அது நியாயமான கேள்விதான்.

— பின்ன? அந்த சைக்கிள் கடைக்காரன்ட்ட கேட்டேன் இத. தெருத்தெருவாப் போய் இந்தச் சட்டம் வேணும்னு கையெழுத்து வாங்கினானே, அன்னைக்கு நம்ம வாசல்லயும் வந்து நின்னான். என்ன பதில் சொன்னான் தெரியுமா? "கட்டணம் ஏறினா அடுத்தவர் வாங்கறதுக்கு முன்னால ஒரு தடவ யோசிப்பார், அண்ணே"ன்னான். அண்ணே! ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை. இவனுக்கு சைக்கிள் விக்கணும். அதுக்கு ஊர்ல இருக்கற கார்க்காரன் தலையில எல்லாம் கல்லத் தூக்கிப் போடணும்.

— அவர் கடையில விக்கறத விட பஞ்சர் ஒட்டறதுதான் ஜாஸ்தி.

— நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கற?

— வாங்கலப்பா.

— வாங்கற. காலையிலயும் அப்படித்தான். நான் அந்த ஆள கிழி கிழின்னு கிழிக்கறேன், நீ இறங்கி வந்து "அப்பா விடுங்க, அப்பா விடுங்க"ன்னு என் கையப் பிடிச்சு இழுக்கற. அவனாவது பேசணுமே? ஊமக்கோட்டான் மாதிரி நிக்கறான். ஏண்டா அடிச்சன்னு கேட்டா உன்னப் பாக்கறான். என் வண்டியில கை வைக்க நீ யாருடான்னு கேட்டா, திருப்பி உன்னப் பாக்கறான். பாத்துட்டுத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான். தப்பு செஞ்சவன் முழி அது. எனக்குத் தெரியாதா?

— அப்பா, அந்தப் பேச்ச விட்டுடலாமே.

— எப்படி விடறது? இங்க வண்டிய முன்னால இருந்து படம் எடுப்பாங்களாம். அந்தப் படத்துல கோடு தெளிவா விழணும். சாட்சி வேணும்ல. பெயிண்ட் அடிக்கற செலவ அவன்கிட்ட வாங்காம விடமாட்டேன். குடுக்கலன்னா போலீஸ்தான்.

— போலீசெல்லாம் வேணாம்பா.

— உன்ன எவன் கேட்டான்? நீ கையெழுத்து மட்டும் போடு. வண்டி உன் பேர்ல. சண்டை என் பேர்ல.

— கையெழுத்து விஷயமாத்தான் நானும் பேசணும்னு…

— திரும்பவும் சந்து புராணமா?

— புராணம் இல்லப்பா, வேலை. நான் போற வீடெல்லாம் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஸ்கூட்டர்ல போறப்பவே ரெண்டு பக்கமும் சுவர் உரசும். சர்க்கரை பாக்கணும்னு பெரியவங்க வெறும் வயித்துல காத்துட்டிருப்பாங்க. இந்த வண்டிய எங்க நிறுத்திட்டு, எவ்வளவு தூரம் நடந்து போறது?

— நட. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நீதான எல்லாருக்கும் சொல்ற.

— அப்ப நடந்து போறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய வண்டி?

— இந்த வாய் மட்டும் உங்கம்மா மாதிரியே.

— ரெண்டு தலகாணி போட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு அப்புறமும் எனக்குத் தெரியறது பாதி பானெட்டு, மீதி வானம். ஷோரூம்காரர் முன்பக்கம் கேமரா வெச்சுத் தர்றேன்னார். நீங்கதான் வேணாம்னீங்க.

— கண்ணு இருக்கறவளுக்குக் கேமரா எதுக்கு? அது அவன் கல்லாவ ரொப்பிக்கற வேலை. பழைய வண்டிய விக்கறவன் எது சொன்னாலும் நம்பக் கூடாது. அவன் கேமரா வைன்னான், நான் கம்பி வைன்னேன். நல்ல கனமான குழாய், நானே பொறுக்கி எடுத்தது, முன்னால நின்னு வெல்டிங் வெச்சேன். இப்ப எந்தக் கொம்பன் வந்து முட்டினாலும் அவன் வண்டிதான் அப்பளம். உனக்கு ஒரு கீறல் விழாது.

— அந்தக் கம்பியால வண்டி இன்னும் கனமாயிடுச்சு.

— அதுக்குத்தான பின் சீட்டக் கழட்டி வீட்டுல வெச்சேன்? ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு, எல்லாம் திண்டு மாதிரி அடுக்கி வெச்சிருக்கேன். முன்னால ஏத்தின கனத்தப் பின்னால எறக்கியாச்சு. எடை போட்டு முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம். மூளை வேணும் மூளை. படிச்சிருந்தா இதெல்லாம் வராது.

— அது ஏமாத்தறது இல்லையா?

— எடை போடறவன ஏமாத்தினது எந்தக் காலத்துலயும் பாவக் கணக்குல சேந்ததில்ல. தராசு செஞ்ச அன்னைக்கே அத ஏமாத்தறவனும் பொறந்துட்டான்.

— அப்பா, நான் நேராவே கேக்கறேன். கோவிக்காதீங்க. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நீங்க கார்ல ஏறினதே என் கல்யாணத்துக்கு. எதுக்காக இப்படி அடம் பிடிச்சு இத வாங்கினீங்க?

— தெரியாத மாதிரி கேக்கற.

— சொல்லுங்க.

— போன வருஷம் உன்ன ஒருத்தன் இடிச்சான்ல.

— இடிச்சான்.

— எனக்கு போன் வந்து நான் அங்க ஓடி வர்றேன். ஸ்கூட்டர் எங்கயோ, செருப்பு எங்கயோ. உன் ரத்த பாட்டில் எல்லாம் ஒடஞ்சு ரோடெல்லாம் சிவப்பு. எது உன் ரத்தம், எது ஊரார் ரத்தம்னு தெரியாம நான் நடு ரோட்டுல உக்காந்துட்டேன். உன்ன ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. கால் ஒரு பக்கமாத் திரும்பிக் கெடக்கு. அப்பதான் உன்ன இடிச்ச அந்தப் பெரிய காருக்குள்ள எட்டிப் பாத்தேன்.

— இத நீங்க சொன்னதே இல்லையே.

— உள்ள ஒரு டீ கப்பு இருந்துச்சு. பேப்பர் கப்பு. சீட்டுக்குப் பக்கத்துக் குழியில சொருகி வெச்சிருந்தான். அது சிந்தல.

— சிந்தலயா?

— என் பொண்ணு காலு ரெண்டா ஒடஞ்சிருக்கு, அவன் டீ சிந்தல பாப்பா. அவன் இறங்கி வந்து "நான் பாக்கவே இல்லீங்க, தெரியவே இல்லீங்க"ன்னு அழுதான். பொய். பட்டப்பகல்ல, பச்சக் கலர்ச் சட்டையில ஒரு ஆளு ஸ்கூட்டர்ல போறது எப்படித் தெரியாமப் போகும்? குடிச்சிருப்பான், இல்ல போன் பாத்திருப்பான். அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே எம் பொண்ணு டீ சிந்தாத வண்டியிலதான் போகணும். வெளிய எவனுக்கு என்ன ஆனாலும் சரி.

— வெளிய இருக்கறவங்களும் யாருக்காவது பொண்ணுதானப்பா.

— அவங்கவங்க அப்பன் வாங்கித் தரட்டும்.

— எல்லா அப்பனும் வாங்கினா?

— வாங்கினா நல்லதுதான். எல்லாரும் இரும்புக்குள்ள இருப்போம்.

— அப்ப நடந்து போறவங்க?

— யார்றி நடக்கறாங்க இந்தக் காலத்துல… லாரி போயிட்டான் பாரு. அந்த எடைமேடைக்காரம்மா கொடியக் காட்டுது. போ, போ.

— பாத்து வாம்மா, பாத்து வா! நேரா! கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லு. அவ்வளவுதான். வணக்கம் ஐயா. மறுபதிவா?

— ஆமா. அது என்னம்மா கையில, உன் உசரத்துக்கு ரெண்டு மடங்கு கொம்பு, நுனியில சிவப்புத் துணி? ரயிலா விடப் போற?

— நான் இருக்கேன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா ஐயா? என் உசரத்தப் பாத்தீங்கல்ல. இந்த மாதிரி உசந்த வண்டி வந்தா நான் முன்னால நிக்கறது தெரியாது. கொடி மட்டும் ஆடினா, கீழ ஒரு பொம்பள இருக்கான்னு அர்த்தம்.

— வாய் இருக்குல்ல? சத்தம் போட்டா போதாதா?

— ஏசியப் போட்டு, கண்ணாடிய ஏத்தி, பாட்டையும் வெச்சிருப்பாங்க. என் சத்தம் எனக்கே கேக்காது. சரி, சட்டுபுட்டுன்னு முடிப்போம். ஐயா, நீங்க இறங்கிடுங்க. ஆளு எடை வண்டி எடையில சேரக் கூடாது. தங்கச்சி மேடையில ஏத்தி நிறுத்திட்டு இறங்கட்டும்.

— இறங்கறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. உன் மேடை சரியாப் பேசுமா, பொய் பேசுமான்னு எனக்குத் தெரியணும்.

— போன மாசம்தான் ஆபீஸ்ல இருந்து வந்து சோதிச்சு முத்திரை வெச்சுட்டுப் போனாங்க.

— முத்திரை வெச்சவன யாரு சோதிச்சா? நான் மேல ஏறி நிக்கறேன். என் எடை எனக்குத் தெரியும். அறுபத்தி நாலு. என்ன காட்டுதுன்னு சொல்லு.

— அப்பா, பின்னால இவ்வளவு வண்டி நிக்குது…

— நிக்கட்டும். ம், நின்னாச்சு. என்ன காட்டுது?

— அறுபது.

— பாத்தியா! நாலு கிலோவ முழுங்கிட்டான்!

— ஐயா, இது யானை நிக்கற மேடை. எறும்பு ஏறி நின்னு என் எடை என்னன்னா எப்படி? பத்துப் பத்தாத்தான் காட்டும். அதுவும் உங்களுக்குக் குறைச்சுத்தான காட்டுது? லாபம்தான?

— அதான் எனக்கு சந்தேகம். என் பக்கம் எதுக்குக் குறைக்கறான்? காரணம் இல்லாம எவன் குறைப்பான்?

— தங்கச்சி, வீட்டுலயும் இப்படித்தானா?

— வீட்டுல இன்னும் கொஞ்சம் ஜாஸ்திக்கா.

— பாத்தாச்சும்மா, இதெல்லாம் நிறையப் பாத்தாச்சு. ஐயா, பின் கதவத் திறங்க. உள்ள பாக்கணும்.

— உள்ள என்ன இருக்கு? ஒண்ணுமில்ல.

— அதத்தான் பாக்கணும். ஆமா, ஒண்ணுமில்ல. சீட்டே இல்ல. ஸ்டெப்னி இல்ல. ஜாக்கி எங்க?

— திருடு போயிடுச்சு.

— திருடன் சீட்டோட போல்ட்டெல்லாம் பொறுமையாக் கழட்டி, அந்த இடத்தத் துணி போட்டுத் துடைச்சிட்டுப் போயிருக்கான் போல. நல்ல குடும்பத்துத் திருடன்.

— உனக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி? வர்றத எடை போடு.

— பாத்தாச்சு ஐயா. நேத்து ஒருத்தர் நாலு கதவையும் கழட்டி வெச்சுட்டு, காத்து வாங்கிட்டே வந்தார். போன வாரம் ஒருத்தர் பெட்ரோல் எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, நாலு பேர வெச்சுத் தள்ளிட்டு வந்தார். கழட்டினதோட கனம் கம்பெனிப் புஸ்தகத்துல இருக்கு. நான் பாத்து சேத்துக்கணும். சேக்காம விட்டா என் வேலை போயிடும். ஆனா ஒண்ணு. இந்த முன்கம்பி கம்பெனி போட்டது இல்லையே.

— நான் போட்டது.

— இதக் கழட்டினீங்கன்னாலே எடையில கீழ்ப் பிரிவுக்கு வந்துடுவீங்க. பாதிக் கட்டணம்தான் ஆகும்.

— கம்பியக் கழட்டறதா? அது பாதுகாப்பு!

— யாருக்கு?

— உள்ள இருக்கற எம் பொண்ணுக்கு. வேற யாருக்கு?

— சரி, உங்க இஷ்டம். பானெட்ல இது என்ன, கை வெச்ச மாதிரி?

— அப்படிக் கேளு! எங்க எதிர்வீட்டு சைக்கிள் கடைக்காரன் அடிச்சது. காலையில, காரணமே இல்லாம. பொறாமை. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு பாரு தூசியில. இதோ, மோதிரக் கோடு. படம் எடுக்கறப்ப இது நல்லா விழணும்மா. நான் கேஸ் போடப் போறேன்.

— வண்டி நின்னுட்டிருந்தப்பவா அடிச்சார்?

— நின்னுட்டிருந்தப்பதான்.

— தங்கச்சி, உன் முகம் ஏன் இப்படி இருக்கு? தண்ணி குடிக்கறியா?

— வேணாங்க்கா. மேடையில ஏத்திடறேன். அப்பா, நீங்க இந்தப் பக்கம், ஜன்னல் பக்கமாவே நில்லுங்க. அசையாதீங்க.

— நான் என்ன குழந்தையா? ஏத்து நீ.

— வா, வா, வா… போதும். நான் ரூமுக்குள்ள போய்ப் பாக்கறேன்… ஐயா! நம்பர் பிளேட்ல ஒரே சேறு. கேமராவுல எழுத்து விழல. கொஞ்சம் துடைச்சு விடுங்க!

— காலையிலதானே துடைச்சேன். வர்ற வழியில லாரிக்காரன் வாரி அடிச்சிட்டான். இரு, துண்ட எடுத்துட்டு வர்றேன்!

— தங்கச்சி, பின் சக்கரம் மேடையில பாதிதான் ஏறியிருக்கு. ஒரு முழம் முன்னால வா. ஒரே முழம். தங்கச்சி, கேக்குதா? முன்னால வா.

— அக்கா, எங்கப்பா எங்க?

— இங்கதாம்மா எங்கயோ இருந்தார். துண்டு எடுக்கறேன்னாரே. நீ வா, வரிசை வாசல் வரைக்கும் நிக்குது.

— அக்கா, ப்ளீஸ். வெளிய வந்து பாருங்க. எங்கப்பா எங்க இருக்கார்னு சொல்லுங்க. அது வரைக்கும் நான் ப்ரேக்ல இருந்து கால எடுக்க மாட்டேன்.

— நான் இங்கதான் இருக்கேன்! என்ன கூப்பாடு? நகத்தச் சொன்னா நகத்து. துடைச்சாச்சு.

— அப்பா? எங்க இருக்கீங்க?

— உன் மூக்குக்கு நேரா! நம்பர் பிளேட்டு முன்னால உக்காந்திருக்கேன்!

— எந்திரிங்க. அப்பா, மொதல்ல எந்திரிங்க!

— எந்திரிச்சாச்சு. போதுமா? இதோ நிக்கறேன். இப்பத் தெரியுதுல்ல?

— இப்பத் தெரியுது. தலை தெரியுது.

— தலையா? முழு ஆளு நிக்கறேன்டி!

— தலை மட்டும்தான்பா தெரியுது. குனிஞ்சா அதுவும் இல்ல.

— யார் காதுல பூ சுத்தற? எவ்வளவு கிட்ட நிக்கறேன். கைய நீட்டினாத் தொட்டுடலாம். இதோ குனியறேன். இப்ப?

— இல்ல.

— இப்ப? கையத் தூக்கியிருக்கேன்.

— இல்லப்பா.

— ஐயா, எந்திரிங்க ஐயா. அதுக்குத்தான் நான் கொடி வெச்சிருக்கேன். நீங்க நம்பலன்னா ஒரு தடவ அந்த சீட்ல ஏறி உக்காந்து பாருங்க. நான் கீழ குனிஞ்சுக்கறேன்.

— நீ சும்மா இரும்மா. பாப்பா, சரி, தெரியலன்னே வெச்சுக்குவோம். தெரியலன்னா ஹார்ன் அடி. இதுக்குப் போய் ஏன் அழற?

— காலையில ஹார்ன் அடிக்கலப்பா.

— காலையில என்ன?

— நீங்க கேட்டத் தொறந்துட்டு ஓரமாப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். முன்னால யாரும் இல்ல. தொறந்த கேட்டுதான் தெரிஞ்சுது. நான் ப்ரேக்ல இருந்து கால எடுத்துட்டேன்.

— எடுத்து?

— வண்டி தானா முன்னால போச்சு. அப்பத்தான் அவர் கை பானெட்ல விழுந்துச்சு. அந்த சத்தத்துக்குத்தான் நான் திரும்ப மிதிச்சேன்.

— இல்ல. நான் பதறி எந்திரிச்சேன். எந்திரிச்சப்ப கம்பியில இடிச்சுக்கிட்டேன்.

— கம்பி வந்து இடிச்சதுனாலதான்பா நீங்க எந்திரிச்சீங்க.

— …அந்த ஆளு வாயே தொறக்கலயே. அப்பன் ஆத்தாளெல்லாம் இழுத்துப் பேசினேன். கேட்டுட்டுதான நின்னான்?

— சொல்லிடாதீங்கன்னு நான்தான் உங்களுக்குப் பின்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அதான் என்னையே பாத்தார். நீங்க எனக்காக வாங்கின வண்டி. நானே உங்கள… எப்படிப்பா சொல்றது? அவர் திட்டையும் வாங்கிட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டார்.

— "தெரியவே இல்லீங்க"ன்னு அழுதானே ஒருத்தன். போன வருஷம்.

— ஆமாப்பா.

— ஐயா, பின்னால எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க. என்ன செய்யட்டும்? எடை போடவா, இல்ல வண்டிய ஓரமா எடுத்துடறீங்களா?

— போடும்மா. பாப்பா இறங்கட்டும், நான் இப்படித் தள்ளி நின்னுக்கறேன். கழட்டி வெச்ச சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, ஒண்ணு விடாம சேத்துப் போடு. காலையில எம்மேல ஏற வந்த வண்டியோட முழுக் கனம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்.